பந்தக்காலுக்கு அடியில் ஒரு குழாய்

1

இந்தக் கதை என் சொந்தக் கற்பனை என்று சொல்லத்தான் ஆசை. சொன்னால் அன்னாள் காட்டிக்கொடுத்துவிடுவாள். அன்னாள் என் மனைவி. நான் எழுதுவதை அச்சுக்குப் போகும் முன்னால் படித்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்பவள். அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது வடமதுரை ரோட்டில் ஒரு டீக்கடையில் கிடைத்த கதை. அதுவும் பாதிதான் கிடைத்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது என் பாடு. போன மாசியில் அப்படி வடமதுரை போய்விட்டுத் திரும்பும்போது, ஊருக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமாகப் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வருகிற வழியாக இல்லை. பக்கத்தில் ஒரு டீக்கடை. உள்ளே போய் உட்கார்ந்தால் கடைக்காரர் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அடுப்பில் விறகு இல்லை, கரி இல்லை, புகை இல்லை, பம்ப் ஸ்டவ்வின் இரைச்சலும் இல்லை. நீலமாக ஒரு தீ மட்டும் எரிகிறது. குனிந்து பார்த்தேன். தரைக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குழாய் எழும்பி அடுப்புக்குள் நுழைந்திருந்தது.

“என்ன பாய், விறகையே காணோம்?”

“ரோட்டுக்கு அங்கிட்டுப் பாருங்க. எருமை கட்டிக் கெடக்குதா? அதுகதேன் நம்ம கடைக்கு விறகு.”

அவர் பெயர் சௌகத் அலி. விளக்கமாகச் சொன்னார். எதிர்வீட்டில் சாணியைக் கரைத்து ஒரு கிணறு போன்ற குழியில் ஊற்றுகிறார்கள். குழியின்மேல் ஓர் இரும்பு டிரம்மைக் கவிழ்த்திருக்கிறார்கள். உள்ளே சாணி புளிக்கப் புளிக்க வாயு கிளம்பி டிரம் மேலே ஏறுகிறது. அந்த வாயு மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக ஓடி, ஒரு கிளை அந்த வீட்டு அடுப்படிக்கும் இன்னொரு கிளை ரோட்டைத் தாண்டி இந்தக் கடைக்கும் வருகிறது. இதைக் கேட்டுவிட்டு நான் கிளாஸை வாயருகே கொண்டுபோய், கொஞ்சம் தயங்கி, மோந்து பார்த்தேன்.

“நல்லா மோந்து பாத்துக்கங்க. இந்த ரோட்டுல போற அம்புட்டுப் பேரும் மோந்து பாத்துட்டுத்தேன் குடிச்சாங்க. அந்த வீட்டுக் கலியாணத்துல ஒரு கூத்து நடந்துச்சு, அதைக் கேட்டீங்கன்னா டீயை மறந்துருவீங்க.”

டீயை மறந்துதான் போனேன். ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு அவர், “சம்பந்தியம்மா சூடம் காட்டியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னுருச்சு. அப்பத்தேன் அந்தப் புள்ள…” என்று ஆரம்பிக்கும்போது பஸ் வந்துவிட்டது. கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன்.

“அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்ப இறங்கிக் கேட்டுட்டு வாங்களேன். காலா தேஞ்சுபோகும்?” என்றாள் அன்னாள்.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகத்தான் செய்தேன். கடை வரும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டுவிட்டால் நடந்தது இன்னதென்று தெரிந்துவிடும். அப்புறம் நான் எழுத என்ன இருக்கிறது?

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை. எழுதியதையெல்லாம் இங்கேயே வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

“மலைச்சாமி விஞ்ஞானத்தின்மேல் அபார நம்பிக்கை கொண்ட விவசாயி. அவர் ஒரு நாள் கண்காட்சியில்”

[வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.]

“பூமிக்கடியில் என்னவெல்லாம் ஓடுகிறது! நீர் ஓடுகிறது, வேர் ஓடுகிறது, வடமதுரைக்குப் பக்கத்தில்”

[இதை எழுதிவிட்டு நானே கொட்டாவி விட்டேன்.]

“பொன்னழகு ராசியில்லாதவள் என்று ஊர் முடிவு கட்டியபோது, அவள் முழங்கைவரை சாணியாக நின்றுகொண்டிருந்தாள்.”

இது தேவலை. இந்தப் பெண்ணின் நிஜப் பெயரைப் பாய் சொல்லவில்லை. ‘அந்தப் புள்ள’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னழகு என்பது நான் வைத்த பெயர். அவள் அப்பா மலைச்சாமி, அம்மா கண்ணம்மாள், எல்லாம் என் உபயம். சௌகத் அலி மட்டும் அசல். அவர் கோபித்துக்கொண்டால் டீ கிடைக்காது.

3

பொன்னழகு மலைச்சாமிக்கு ஒரே மகள். முதல் சம்பந்தம் பேசி வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றைக்கு மாப்பிள்ளையின் தாத்தா கண்ணை மூடினார். பாவம், அவர் வெகுகாலமாகப் பாயும் படுக்கையுமாகக் கிடந்தவர். இருந்தாலும் பழி பொன்னழகுமேல் விழுந்தது. இரண்டாவது சம்பந்தத்தில், பரிசம் போட வந்தவர்களின் வண்டி அச்சு நடுவழியில் முறிந்தது. அச்சுக்கு மை போடாத வண்டிக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாராவது பெண் பார்க்க வந்தால், ஊர் எல்லையிலேயே ஒரு நல்ல மனுஷன் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

முதல் தடவை பொன்னழகு அழுதாள். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சாணித் தொட்டியில் காட்டினாள்.

அப்போதுதான் மலைச்சாமி எங்கேயோ கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் சாணி கேஸ் போட்டிருந்தார். போட்டதோடு சரி. காலையில் சாணி கரைப்பது, கல்லும் கூளமும் போகாமல் குழியில் ஊற்றுவது, டிரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, வால்வைத் திறப்பது மூடுவது எல்லாம் பொன்னழகு பொறுப்பு. குழாய் புதைத்ததும் அவள் மேற்பார்வையில்தான். திண்டுக்கல்லிலிருந்து ஃபிட்டர் வந்த அன்றைக்கு மலைச்சாமி மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். நேர்வழியில் வேப்பமர வேர் குறுக்கே நின்றது. ஃபிட்டர் கையைப் பிசைந்தார்.

“வேரை வெட்ட வேணாம்ணே. இப்பிடிக்கா வளச்சு ஈசானி மூலை வழியாக் கொண்டுபோங்க” என்றாள் பொன்னழகு.

அப்படியே ஆயிற்று. சாயங்காலம் மலைச்சாமி வந்தார். அடுப்பில் நீலத் தீயைப் பார்த்துக் குதித்தார். குழாய் எந்த வழியாக வந்தது என்று கேட்கவே இல்லை.

மூன்றாவது சம்பந்தம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தது. தூரத்து ஊர், அதனால் ராசிக் கதை போய்ச் சேரத் தாமதமாயிற்று. மாப்பிள்ளை கருப்புசாமி பெண் பார்க்க வந்தவன், காபியைக் குடித்துவிட்டு, “ஏனுங்க, அந்த டிரம் எப்படிங்க தானா மேல ஏறுது?” என்று அவளையே கேட்டான். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று ஒரு கேள்வி இல்லை. பொன்னழகு அந்த நிமிஷமே விழுந்துவிட்டாள். அன்றைக்கெல்லாம் சாணி கரைக்கும்போது தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

(அன்னாள்: “இது நீங்க சேத்ததுதானே?” ஆமாம். நான் சேர்த்ததுதான். அவளுக்கு இவனைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கலியாணம் நின்றால் என்ன, நடந்தால் என்ன?)

தேதி குறித்தாயிற்று, தை மாதம். அதற்குப் பிறகுதான் ராசிக் கதை ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா மூக்காயி சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்றாள். மகன் பிடிவாதமாக நின்றதால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பந்தக்கால் ஊன்றுகிற அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். சின்னதாக ஒரு அபசகுனம் கிடைத்தாலும் போதும், தாம்பாளத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்பது அவள் கணக்கு. கண்ணம்மாளுக்கு அது தெரியும், பொன்னழகுக்கும் தெரியும்.

4

பந்தக்காலை எங்கே ஊன்றுவார்கள்? ஈசானி மூலையில்தான்.

பொன்னழகு வீட்டுக்குள் இருந்தாள். கலியாணப் பெண் அந்த நேரத்தில் வெளியே வரக்கூடாது. மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய காலைத் தரையில் கிடத்திச் சூடம் காட்டினார்கள். பிறகு பங்காளி ஒருத்தர் கடப்பாரையை எடுத்துக் குழி பறிக்க ஆரம்பித்தார். ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. பொன்னழகு ஜன்னலுக்கு ஓடினாள். கல்லில் பட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். கடப்பாரை கல்லில் படுகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? அது குழாய் மூட்டு. சணல் சுற்றி அவள் கண்ணெதிரே முடுக்கிய மூட்டு.

அவள் வாயைத் திறப்பதற்குள் காலை ஊன்றிவிட்டார்கள். சுமங்கலிகள் சுற்றி நின்று குழியில் பாலை ஊற்றினார்கள்.

பால் பொங்கியது.

களிமண் தரை, பால் உடனே வற்றாமல் தேங்கி நின்றது. அடியிலிருந்து குமிழி கிளம்பி, நுரை கட்டி, உலைபோலத் தளதளவென்று மேலே வந்தது. அப்புறம் கண்ணம்மாள் “ஆத்தா!” என்று அலறினாள். அவ்வளவுதான், குலவைச் சத்தம் வடமதுரைக்கே கேட்டிருக்கும். பச்சை மண்ணில் ஊற்றிய பால் நெருப்பில்லாமல் பொங்குவதைக் கண்ட ஊர் வேறென்ன செய்யும்? மலைச்சாமியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேஸ் போட்ட மனுஷன்!*

மூக்காயி தூக்கி வைத்திருந்த மூஞ்சியை இறக்கினாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தாள். பொன்னழகின் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள்.

“என்ர கண்ணு! உன்னயப் போயி என்னென்னமோ சொன்னாங்களே சாமி. அந்தம்மனே வந்து பாலப் பொங்க வெச்சிருக்குது. எங்கூட்டுக்கு வெளக்கேத்த வர்ற மகராசி நீதான்!”

பொன்னழகு என்ன சொல்லியிருக்க முடியும்? பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் மகராசி என்று சொன்னதில்லை. சொல்லக் கேட்டதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அது சந்தோஷத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. குழாய்ப் பேச்சை எடுக்காமல் மூக்காயியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

* சூடம் காட்டும்போதே தீப்பிடித்திருக்காதா என்று கேட்கிற வாசகர்களுக்கு: சூடம் காட்டியது குழி பறிப்பதற்கு முன்னால். மேலே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அந்த வரியைத் தாண்டி ஓடிவந்திருப்பீர்கள். வாசனை வந்திருக்காதா என்று கேட்கிறவர்களுக்கு: தொழுவத்துக்குப் பக்கத்தில் சாணி நாற்றம் அடித்தால் யார் கவனிக்கிறார்கள்?

5

சேதி பரவியது. வேடசந்தூரிலிருந்து ஆள் வந்தது, அய்யலூரிலிருந்து வந்தது, நாகல் நகரிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்களாம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சொம்புப் பாலோ மஞ்சள் தண்ணீரோ கொண்டுவந்து காலடியில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றப் பொங்கியது. பொன்னழகை வெளியே கூப்பிட்டுக் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊர் எல்லையில் ஆளை நிறுத்துகிற அந்த நல்ல மனுஷன் இப்போது அதே இடத்தில் நின்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு அடுப்பில் தீ சவலைப் பிள்ளையாகிவிட்டது. சோறு வேக அரைப்பொழுது ஆயிற்று. “எருமைக்குப் பருத்திக்கொட்டை பத்தல போல” என்றார் மலைச்சாமி.

டீக்கடையில் இன்னும் மோசம். சௌகத் அலி ரோட்டைத் தாண்டி வந்தார். பந்தக்காலைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். தொழுவத்தில் நின்ற பொன்னழகைப் பார்த்தார்.

“ஏத்தா, உங்க சாமி என் கடை அடுப்பத்தேன் குடிக்குது போலிருக்கே?”

பொன்னழகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். “மாமா, சத்தம் போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அட, நான் ஏன் சொல்றேன்? உன் கலியாணம் நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் நான் விறகுல போட்டுக்கிறேன். ஆனா நெருப்பு கிருப்பு யாரும் பக்கத்துல கொண்டுபோயிறாமப் பாத்துக்கத்தா.”

சூடத்தோடு வந்தவர்களையெல்லாம் பொன்னழகு ரோட்டோரத்திலேயே கொளுத்த வைத்து அனுப்பினாள். ஆனால் அவர் சொன்ன வாய் முகூர்த்தம். கலியாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூக்காயி வண்டி கட்டிக்கொண்டு சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினாள். எல்லாருக்கும் பால் பொங்குவதைக் காட்டினாள். காட்டிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

“கேட்டுக்குங்க சம்பந்தி. நாளைக்கு வெடியால மாப்பிள்ளை பந்தலுக்குள்ள கால வெக்கறதுக்கு மிந்தி, இந்தக் காலுக்கு ஒரு கை சூடம் கொளுத்தி வெச்சுக் கும்படோணும். நான் வேண்டிக்கிட்டனுங்க.”

பொன்னழகு நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் முழுக்கத் தென்னங்கீற்று. காலைச் சுற்றிக் காய்ந்த மாவிலை. சாணி கேஸ் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அது அவளுக்குத் தெரியும். பற்றிக்கொண்டது என்று ஆட்கள் உணர்வதற்குள் கீற்றுக்கு ஏறிவிடும். அதன் கீழேதான் பந்தி விரித்துக் குழந்தை குட்டியோடு ஊரே உட்கார்ந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் பஸ் வந்தது.

6

இனி என் பாடு.

முதலில் இப்படி எழுதினேன். பொன்னழகு யாருக்கும் தெரியாமல் போய் வால்வை மூடிவிடுகிறாள். ஆபத்து தீர்ந்தது. காலையில் மூக்காயி சூடம் காட்டுகிறாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு பால் ஊற்றுகிறாள். பால் சும்மா கிடக்கிறது. “ஏங்கண்ணு, அம்மன் கோவிச்சுக்கிச்சா?” என்று கேட்டுவிட்டு மெல்ல மருமகளின்மேல் பார்வையைத் திருப்புகிறாள். அந்தப் பார்வை

[இதற்குமேல் பேனா ஓடவில்லை. அந்த வீட்டில் மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் அந்தப் பார்வை திரும்பித் திரும்பி வரும். பாவம் அந்தப் பெண்.]

வால்வைத் திறந்தே விட்டு ஒன்று எழுதிப் பார்த்தேன். “மூக்காயி தட்டைக் குனிந்து வைத்தாள். சூடம்”

[கிழித்துப் போட்டேன். என் கதையில் ஒரு கீற்றும் எரியாது. எழுதுகிறவன் நான், அந்த அதிகாரமாவது எனக்கு இருக்கட்டும்.]

பிறகு சௌகத் அலி பரோட்டா மாவைக் கொண்டுவந்து ஓட்டையை அடைப்பதாக எழுதினேன். சிரிப்பு வந்தது, ஆனால் பால் அதற்கும் பொங்காது. எப்படிப் போனாலும் ஒரே முட்டுச்சந்து.

கடைசியில் ஒரு முடிவு பிடித்தேன் பாருங்கள், எனக்கே முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சௌகத் அலியை வால்வுப் பக்கம் ஒளிந்து நிற்க வைத்தேன். மூக்காயி சூடத்தை எடுத்தால் அவர் வால்வை மூடுவார். சூடம் அணைந்து ஆறியதும் திறப்பார். பால் ஊற்றினால் ஜோராகப் பொங்கும். குலவை, கெட்டிமேளம், கலியாணம். பொன்னழகு மகராசியாகவே மாமியார் வீடு போகிறாள். பாய்க்குப் பந்தியில் முதல் இலை. ஒரே மூச்சில் எழுதி முடித்து அன்னாளிடம் கொடுத்தேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அம்புட்டுத்தானா?”

“ஒண்ணு கேக்கணும். அந்தப் புள்ள உண்டாகிறப்போ மாமியார் பால் ஊத்திப் பாக்கமாட்டாளா? சீமந்தத்துக்கு? ஆடி வெள்ளிக்கு? நாளைக்கு மாடு ஒண்ணு நோவுல படுத்தா, மகராசி கையால ஊத்துன்னு சொம்பைக் கொண்டாந்து நீட்டமாட்டாளா? அங்க ஒட்டன்சத்திரத்துல யாரு வால்வு திறக்கிறது? பாயைச் சீதனமா அனுப்பப் போறீங்களா?”

தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

“அப்புறம் இன்னொண்ணு. மூட்டு எங்க இருக்குன்னு தெரியும், தீ பகல்ல தெரியாதுன்னு தெரியும், எல்லாந் தெரிஞ்ச பொண்ணுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவளை ஏன் இம்புட்டு நேரமும் ஊமையாவே நிக்க வச்சிருக்கீங்க?”

மீனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாப்பிள்ளை வீட்டார் பேசினார்கள், ஊர் பேசியது, பாய் பேசினார், நான் ஓயாமல் பேசினேன். கலியாணப் பெண்ணை ஒரு கும்பிடு போட வைத்ததோடு விட்டுவிட்டேன்.

7

சரி. மறுபடியும் முந்தின நாள் காலை. மூக்காயி வேண்டுதலைச் சொல்லி முடித்துவிட்டாள். சொந்தபந்தமெல்லாம் பலகாரம் சாப்பிட உள்ளே போய்விட்டது. மூக்காயி மட்டும் காலடியில் நிற்கிறாள். இன்னொரு தடவை ஊற்றிப் பார்க்கலாம் என்று ஒரு சொம்புப் பால் கையில் இருக்கிறது.

பொன்னழகு தொழுவத்திலிருந்து வந்தாள். கையில் இன்னும் சாணி ஒட்டியிருந்தது. கலியாணப் பெண் சாணி தொடாதே என்று கண்ணம்மாள் கரடியாகக் கத்தியும் அவள் கேட்கவில்லை. அவளைத் தவிர வேறு யாருக்கும் பதம் தெரியாது.

“அத்தை, ஊத்துங்க.”

மூக்காயி கொஞ்சம் ஊற்றினாள். பொங்கியது. கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

“அங்கனயே நில்லுங்க. செத்த நேரம்.”

பொன்னழகு டிரம்மிடம் போய் வால்வைத் திருகினாள். குரலை உயர்த்தி, “இப்ப ஊத்துங்க” என்றாள்.

மூக்காயி ஊற்றினாள். பால் தேங்கி நின்றது. ஒரு குமிழி வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

“அடக் கடவுளே! என்ன கண்ணு இது?”

பொன்னழகு வால்வைத் திறந்தாள். “இப்ப ஊத்துங்க அத்தை.”

பொங்கியது. மூக்காயி பாலைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே இருந்த வெறும் மண்ணைப் பார்த்தாள். அவள் ஒன்றும் அசடு இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விற்கிறவள். முகம் செத்துப்போயிற்று.

பொன்னழகு வால்வை இறுக மூடிவிட்டு வந்து எதிரில் நின்றாள். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே பந்தி நடக்கிற சத்தம் கேட்டது. மூக்காயி ஒரு குரல் கொடுத்தால் அந்தச் சத்தம் நின்றுபோகும். நாளைக்குக் கருப்புசாமி வரமாட்டான். நான்காவது சம்பந்தம் என்று ஒன்று அவளுக்கு வராது.

“இதுக்குக் கீழ குழாய் போகுது. நான்தேன் இந்தப் பக்கமா வளைக்கச் சொன்னேன். கடப்பாரை பட்டு மூட்டு விட்டுப்போச்சு. நாளைக்கு நீங்க சூடம் காட்டுனா பந்தலே பத்திக்கிரும் அத்தை. அதான் சொல்றேன்.”

“உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. உங்க கிட்டத்தேன் மொதல்ல சொல்றேன்.”

“ஏஞ் சொன்ன? கமுக்கமா மூடிட்டு இருந்திருக்கலாமில்ல?”

“இருந்திருக்கலாம். நீங்க என்னைய மகராசின்னு சொன்னப்ப எனக்கு அம்புட்டு ஆசையா இருந்துச்சு. இல்லன்னு சொல்லல.” கையில் ஒட்டிய சாணியைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே மேலே சொன்னாள். “ஆனா இந்தப் பால் என்னால பொங்கல அத்தை. அந்தப் பெரியவர் என்னால சாகல. வண்டி அச்சு என்னால முறியல. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். எனக்குச் சாணி கரைக்கத் தெரியும், அடுப்பெரிக்கத் தெரியும், உங்க மகனை எனக்குப் பிடிச்சிருக்கு. என்கிட்ட இருக்கிறது இம்புட்டுத்தேன். வேணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க.”

மூக்காயி

[

மூக்காயி என்ன சொன்னாள் என்று எழுதிவிட ராத்திரி பகலாகத் தவித்தேன். அவள் சிரித்ததாக எழுதினால், இந்தக் கதை எழுதுகிறவன் பெண்ணைக் காப்பாற்றிவிட்டான் என்பீர்கள். அவள் வண்டியைக் கட்டச் சொன்னதாக எழுதினால், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். இரண்டுக்கும் எனக்கு மனசில்லை. பாயைப் போய்க் கேட்கவும் மாட்டேன். டீக்கடை அடுப்பு இன்னும் எரிகிறது என்பதை வைத்துக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள் என்று கண்டுபிடிப்பீர்கள். பிடியுங்கள். கலியாணத்தை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அதனால் மூக்காயியை இந்த வரியோடு கதையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேன். அவள் நின்ற இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து நில்லுங்கள்.

வண்டி அச்சுக்குப் பெண்ணைக் குறை சொன்ன ஊரைப் பார்த்து இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் கலியாணத்துக்கு ஒரு பையன் இருக்கிறான், இல்லையா? மகன் இல்லாவிட்டால் தம்பி, தம்பி இல்லாவிட்டால் அக்காள் மகன். இரண்டு முறை கலியாணம் நின்றுபோன பெண் ஒருத்தி உங்கள் எதிரில் நிற்கிறாள். அவளைப் பற்றி ஊர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. இப்போது அவளிடம் அற்புதம் எதுவும் கிடையாது. இருந்த ஒன்றையும் உங்கள் கண் முன்னாலேயே மூடிவிட்டு வந்திருக்கிறாள்.

உள்ளே பந்தி முடியப் போகிறது, ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். சீக்கிரம் அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.